வண்ணாரப்பேட்டையிலிருந்து எட்டு சைக்கிள்

நான் அவிழ்த்த ஒரு கயிற்றுக்காக இன்னொரு மனிதர் இருபத்திரண்டு வருடம் தண்டனை அனுபவித்தார். அதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பங்குனி மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போய் வந்ததை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இதை முதலில் சொல்லாமல் மற்றதை எழுதினால் அது பாதிப் பொய்யாகிவிடும்.

அந்தக் காலத்தில் நான் ராயபுரத்தில், கப்பல் சரக்கை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு கிடங்கில் கிளார்க்காக இருந்தேன். ஒருநாள் பன்னிரண்டு சைக்கிள்கள் வந்து இறங்கின. அவற்றை மாட்டுவண்டியில் ஏற்றிக் கட்டியவர் தேசப்பன். காத்திவாக்கத்து மீனவர். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போது எங்கள் கிடங்கில் சுமை கட்ட வருவார். அவர் கட்டினால் அசையாது என்று பெயர். எனக்கு அப்போது நாற்பது வயதுக்குப் பக்கம். சைக்கிளில் ஏறியதே இல்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஒரு கட்டை அவிழ்த்து, ஒரு சைக்கிளை இறக்கி, பின்சந்தில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவை விழுந்தேன். பிறகு அதைத் திரும்ப ஏற்றி எனக்குத் தெரிந்தபடி கட்டி வைத்தேன்.

தண்டையார்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அருகே வண்டி பள்ளத்தில் இறங்கியது. நான் கட்டிய சைக்கிள் நழுவிப் பக்கத்துச் சைக்கிளைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, வரிசை முழுவதும் மாட்டின் மேல் சரிந்தது. மாட்டுக்கு முன்னங்கால் போயிற்று. யார் கட்டியது என்று முதலாளி கேட்டார். தேசப்பன், நான்தான் என்றார். ‘கட்டியவனின் கவனக்குறைவு’ என்று அறிக்கை எழுதியவன் நான். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த வருடம் நான் ஊர் திரும்பி ஆசிரியரானேன். இருபது வருடம் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தேன்.

இந்தத் தடவை நான் சென்னைக்குப் போனது எங்கள் பள்ளிக்கூட அச்சகத்துக்கு ஈய எழுத்து வாங்கிவர. வார்ப்புக்காரர் நாலு நாள் ஆகும் என்றார். தங்கியது வண்ணாரப்பேட்டையில், பழைய கிடங்கு நண்பர் மாசிலாமணி வீட்டில். அவர் இப்போது சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. தெருவில் துணி மூட்டை சுமப்பவர்கள் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் மற்றவர்கள் நடக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் கடக்கும்போது ஒரு சொல் பேசாமல் போவதில்லை. இங்கே பேசாமல் போனால் முட்டிக்கொள்வோம் என்பதால் எல்லோரும் ‘ஓரம், ஓரம்’ என்று பேசிக்கொண்டே போகிறார்கள்.

காலையில் ஆப்பத்துக்கு ஆட்டுக்கால் பாயா வைத்தார்கள். நான் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதியை எதிர்பார்த்தேன். பாயாவில் மிளகு தூக்கலாக இருந்தது; மூக்கில் நீர் வந்துவிட்டது. மாசிலாமணியின் மனைவி கவலைப்பட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். இந்த ஊரில் ஆறுதல் சொல்லும் முறை அது.

அப்போதுதான் மாசிலாமணியிடம் தேசப்பனைப் பற்றிக் கேட்டேன். உயிரோடு இருக்கிறார், காத்திவாக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் கட்டுமரத்துக் கயிற்றைத் தொடுவதில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். அந்தக் குப்பத்து வழக்கம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. கட்டுமரம் என்பது ஆணி இல்லாத படகு. காலையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிக் கடலுக்குப் போவார்கள். வந்ததும் அவிழ்த்து மணலில் காயப் போடுவார்கள். ஒவ்வொரு நாளும் உயிர் அந்த முடிச்சில் இருக்கிறது. ஆகவே ஒருவன் கட்டிய கட்டு நழுவிவிட்டால், அது கரையில் நழுவியிருந்தாலும் சரி, அவன் மறுபடி மரம் கட்டக் கூடாது. தேசப்பன் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் கட்டிய மரத்தில் துடுப்புப் போடப் போகிறார். கரையில் வலை இழுக்கிறார். நான் ஆப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

இரண்டாம் நாள் காத்திவாக்கத்துக்குப் புறப்பட்டேன். ரயிலைத் தவறவிட்டு, திருவொற்றியூர் வரை ஒரு பார்சல் வண்டியில் தொற்றிப் போய், அங்கே ஜட்கா பிடித்தேன். குதிரை நல்ல வேகம். ஒரு கள்ளுக்கடை வந்ததும் நின்றுவிட்டது. வண்டிக்காரர் இறங்கிக் கெஞ்சினார், முதுகைத் தட்டினார், காதில் ஏதோ சொன்னார். அது நகரவில்லை. குடியை விட்டு இரண்டு மாதமாகிறது என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். குதிரைக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. கடைசியில் அவர் உள்ளே போய், ஒன்றும் குடிக்காமல் சற்று உட்கார்ந்துவிட்டு வந்தார். அதன் பிறகே வண்டி கிளம்பியது.

காத்திவாக்கத்துக் கடலைப் பார்த்ததும் எங்கள் கடல் நினைவுக்கு வந்தது. எங்களுடையது முழங்கால் ஆழத்தில் அரை மைல் சும்மா கிடக்கும். இங்கே அலை கரையில் வந்து அறைகிறது. இந்த அலையில் போகிற மரத்துக்கு இளகிய கட்டு ஆகாதுதான்.

தேசப்பன் வீட்டு வாசலில் அவர் மனைவி முனியம்மா கூடையில் எறாவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் கை நிற்காமலே பேசினார். “கிளார்க்கா? இன்னாத்துக்கு வந்துகீறே? இன்னும் எய்தறதுக்கு எதுனா பாக்கி கீதா?”

தேசப்பன் உள்ளேயிருந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: மத்தியானம், பின்சந்து, நாலு தடவை, திரும்பக் கட்டியது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் ஆச்சரியப்படவில்லை.

“தெர்யும்” என்றார். “அன்னிக்கே தெர்யும். உயுந்த கயித்துல முடிச்சு அப்டியே இருந்துச்சி. நீ சோத்து மூட்டைக்குப் போடுவியே, அந்த முடிச்சு.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“குப்பத்துல சொன்னேன். கேட்டவன் யாரு?”

அன்று அவருக்கு இருந்த கவலை வேறு. மகனுக்குப் புது மரம் செதுக்கி முடித்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அதை முதல் தடவை கடலில் இறக்குவதாக இருந்தது. புது மரத்துக்கு முதல் கட்டு அப்பன் போட வேண்டும் என்பது முறை. அப்பன் இருந்தும் தேசப்பனின் மச்சான் வந்து கட்டப்போகிறார். முனியம்மா இதைச் சொல்லும்போதுதான் அவர் கை நின்றது.

நான் அவர்களையும் அழைத்துக்கொண்டு குப்பத்துப் பெரியதனக்காரரிடம் போனேன். ஊர் வழக்குகளை அவர்தான் தீர்ப்பார். வலை பின்னிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். “நான்தான் அவிழ்த்தனான். தேசப்பன்ரை பிழை ஒண்டுமில்லை. அறிக்கையில பொய் எழுதினதும் நான்தான்” என்று சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், “இது இன்னா பாஷை நைனா, பாட்டு மாதிரி கீது” என்றார். சிரித்தார்கள். பெரியதனக்காரர் சிரிக்கவில்லை. மெதுவாகப் பேசினார்.

“நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். வாயால கட்டு நிக்காது. அவன் ஒரு லோடு கட்டி, ரோட்டுல கொண்டாந்து, எங்க கண்ணு முன்னாடி அவுக்கட்டும். நடுவுல யாரும் முடிச்சத் தொடக் கூடாது. அவனும் தொடக் கூடாது.”

“நாஞ்சொல்லி வருசம் இருவது ஆவுது” என்றார் தேசப்பன். “கட்டு நழுவுனவன்கிட்ட எவன் லோடு குடுப்பான்?”

நான் அதற்குப் பதில் தெரிந்தவன்போல, நாளைக்கே கிடைக்கும் என்றேன். உண்மையில் தெரிந்தது இவ்வளவுதான்: எண்ணூர் உப்பளத்து மேஸ்திரிகளுக்காக மாசிலாமணி எட்டுப் புது சைக்கிள்களை மறுநாள் லாரியில் அனுப்ப இருந்தார். உப்பளத்துக் கச்சேரி, அதாவது அலுவலகம், காத்திவாக்கத்துக்குப் பக்கத்தில்தான்.

மாசிலாமணியிடம் அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அன்றைக்கு அந்த மாட்டை வண்டியிலிருந்து அவிழ்த்தது தான்தான் என்றார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: நான் லாரியின் பின்னால், சைக்கிள்களோடு உட்கார்ந்து போக வேண்டும். விழுந்தால் என் மேல் விழட்டும்.

மூன்றாம் நாள். லாரி சின்னது. முன்னால் ஓட்டுநருக்கு ஒரு கூண்டு. பின்னால் பலகைத் தளம், சுற்றிலும் முழங்கால் உயரத் தடுப்பு. ஓட்டுநர் காதர் பாய். தேசப்பன் விடிந்ததும் வந்துவிட்டார். தோளில் தேங்காய் நார்க் கயிற்றுச் சுருள். உடனே எதையும் தொடவில்லை. சைக்கிள்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றின் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். மிதியைப் பின்னோக்கிச் சுற்றினார். பிறகு வைக்கோலும் பழைய கோணியும் நீளமான இரண்டு சவுக்குக் கழிகளும் கேட்டார்.

அவர் கட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு சைக்கிளின் முகம் வண்டியின் முன்பக்கம், அடுத்ததன் முகம் பின்பக்கம் என்று மாற்றி மாற்றி நிறுத்தினார். அப்போது கைப்பிடிகள் ஒன்றோடொன்று மோதாது. இரும்பு இரும்பில் உரசும் இடங்களிலெல்லாம் வைக்கோலை முறுக்கிச் சுற்றினார். மிதிகள் பக்கத்துக் கம்பிகளில் குத்தாதபடி மேலே தூக்கிக் கட்டினார். இருக்கைகளுக்குக் கீழே இந்தப் பக்கம் ஒரு கழி, அந்தப் பக்கம் ஒரு கழி. எட்டு சைக்கிளையும் அந்தக் கழிகளோடு சேர்த்துக் கட்டி, கடைசியில்தான் கழிகளை லாரியின் தடுப்போடு கட்டினார்.

“தனித்தனியா கட்டுனா எட்டும் சண்ட போடும்” என்றார். “ஒண்ணா கட்டிட்டா ஒரே மரம்.”

கட்டி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து முடிச்சுகளின் மேல் நிதானமாக ஊற்றினார். கட்டுமரத்துக்கு அப்படித்தான் செய்வார்களாம்; நனைந்தால் கயிறு பருத்து இறுகும். நான் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. காதர் பாய், “இன்னா மாமு, குளிப்பாட்டி அனுப்புறியா? மை வெச்சு பொட்டும் வெச்சுடு” என்றார்.

வெயில் ஏறியபின் கிளம்பினோம். தேசப்பன் முன்னால் காதர் பாயோடு. நான் பின்னால் ஒரு கோணியின் மேல். காதர் பாய் பள்ளம் வரும்போதெல்லாம் வண்டியோடு இந்துஸ்தானியில் பேசினார். மகளே, இது ஒன்றுதான், இதற்கப்புறம் சமதரை, சத்தியம் என்பது அதன் பொருள். அந்தச் சத்தியத்தை ஒரு மைலுக்குள் ஆறு தடவை மீறினார். தண்டையார்பேட்டை ரயில்வே கேட் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். லாரி இறங்கி ஏறியது. ஒரு சைக்கிளும் அசையவில்லை.

கேட்டைத் தாண்டியதும் சக்கரம் பஞ்சரானது. நிழலே இல்லாத இடம். காதர் பாய் சக்கரத்தைக் கழற்றி ஒட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. எதிரில் ஒரு அம்மாள் மசால் வடை சுட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வடையில் சோம்பு வாசம் நன்றாக இருந்தது. எங்கள் ஊர்ப் பருப்பு வடை இதைவிடக் கடினம், பல் இருக்கிறவர்களுக்கு மட்டும் ஆனது. நாங்கள் மூவரும் சந்தோஷமாகத் தின்றோம். கட்டு நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த வெயில் அவ்வளவு நேரமும் கயிற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

திருவொற்றியூரை நெருங்கும்போது என் காதருகே ஒரு சைக்கிள் மணி தானாக ஒரு தடவை ஒலித்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அடுத்த பள்ளத்தில் நாலைந்து மணிகள் ஒன்றாக ஒலித்தன. தொட்டுப் பார்த்தேன், காலையில் கல்லாக இருந்த கயிற்றுக்குள் விரல் போயிற்று. கூண்டின் முதுகில் இரண்டு கையாலும் அடித்தேன்.

தேசப்பன் இறங்கி வந்து பார்த்தார். அவர் முகத்தை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் கிடங்கில் கட்டியதெல்லாம் மழை மாதங்களில். கடலில் கட்டியது கடலிலேயே நனைந்துகொண்டிருக்கும். பங்குனி வெயிலிலும் லாரிக் காற்றிலும் அவருடைய கட்டு அதுவரை போனதில்லை. திரும்ப இறுக்கிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று காதர் பாய் நல்ல மனதோடு சொன்னார். தேசப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தொட மாட்டேன் பாய். அவுறல, காஞ்சி போச்சு. அவ்ளோதான். தண்ணி வேணும்.”

கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் உப்புத் தண்ணீர் பட்டால் புது சைக்கிள் துருப்பிடித்துவிடும். நல்ல தண்ணீர்தான் வேண்டும். தெருக்குழாயில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் போய்க் காரியத்தைச் சொன்னேன். என் பேச்சு பாதி புரியவில்லை. “சைக்கிளுக்கு தாகமா?” என்று ஒருத்தி கேட்டாள். காத்திவாக்கத்துத் தேசப்பன் பெயரைச் சொன்னதும் வயதான ஒருத்தி முன்னால் வந்தாள். முனியம்மாவிடம் மீன் வாங்குகிறவளாம். வரிசையை ஒதுக்கி மூன்று குடம் நிரப்பிக் கொடுத்தாள். தேசப்பனும் காதர் பாயும் ஆளுக்கு ஒரு குடத்தைத் தோளில் தூக்கினார்கள். நான் மூன்றாவதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அறுபது வயது ஆசிரியன் இடுப்பில் குடம் வைத்து நடந்ததைத் திருவொற்றியூர் ஒரு வாரமாவது பேசியிருக்கும்.

முடிச்சைத் தொடாமல் தேசப்பன் மேலிருந்து ஊற்றினார். அப்போது ஒன்றைக் கவனித்தார்: வைக்கோல் சுற்றிய இடங்களில் கயிறு இன்னும் ஈரமாக, இறுக்கமாகவே இருந்தது. உடனே கோணிகளை நனைத்து ஒவ்வொரு கட்டின் மேலும் போர்த்தினார். ஒரு குடத்தையும் ஒரு சொம்பையும் என்னிடம் கொடுத்தார். “கோணி காயாம பாத்துக்க. ஊத்திகினே வா” என்றார். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் ஒப்படைத்த முதல் வேலை.

மிச்ச வழி முழுவதும் நான் நின்றுகொண்டே வந்தேன். ஒரு கை கூண்டைப் பிடித்திருந்தது. மறு கையில் சொம்பு. பாதித் தண்ணீர் கோணியிலும் பாதி என் வேட்டியிலும் போயிற்று. இரண்டு இடத்தில் நிறுத்திக் குடத்தை நிரப்பினோம். மணிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. காத்திவாக்கத்துக்கு முன்னால் மணல் மூடிய பள்ளம் ஒன்றில் லாரி துள்ளி, என்னைத் தளத்தில் உட்கார வைத்தது. ஒரு மணியும் ஒலிக்கவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சின்னப் பையனைப்போல் கூவினேன்.

உப்பளத்துக் கச்சேரி வாசலில் பெரியதனக்காரரும் குப்பத்து ஆண்கள் இருபது பேரும் நின்றிருந்தார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளி, முனியம்மா கூடையோடு. பெரியதனக்காரர் லாரியில் ஏறினார். கோணிகளை விலக்கினார். கழியை இரண்டு கையாலும் பற்றி உலுக்கினார். லாரிதான் ஆடியது. ஒவ்வொரு முடிச்சாகக் குனிந்து பார்த்தார்.

கூட்டத்தில் ஒருவர், வழியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், இது கணக்கில் வராது என்றார். முனியம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியதனக்காரர் நிமிர்ந்தார்.

“முடிச்ச எவனும் தொடல. கடல்ல போறப்ப நம்ம கட்டுக்கு யாரு தண்ணி ஊத்தறா? கடலு ஊத்துது. இங்க கடலு இல்ல, கெயவன் ஊத்துனான்.” பிறகு தேசப்பன் பக்கம் திரும்பினார். “அவுருடா.”

தேசப்பன் ஏறினார். ஒரு நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. கழி விடுபட்டது, எட்டு சைக்கிளும் விழாமல் நின்றன. ஒன்றிலும் கீறல் இல்லை. மேஸ்திரிகள் அவசர அவசரமாக ஆளுக்கொன்றை இறக்கி, உப்பு வரப்பின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். காதர் பாய் ஹாரனை விடாமல் அடித்தார். யாரோ தேசப்பனைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள், அவர் திட்டினார். கயிற்றைச் சுருட்டுவதிலேயே கவனமாக இருந்தார்.

நாலாம் நாள் விடியலில் மர இறக்கத்தைப் பார்க்கப் போனேன். முதல் ரயிலிலேயே போயும் தாமதமாகிவிட்டது. மணலில் மரம் கிடந்த தடமும் நாலு பூவும் எரிந்த கற்பூரத்தின் கறையும்தான் இருந்தன. கடலில் தூரத்தில் ஏழெட்டுப் பாய்கள். முனியம்மா நின்றுகொண்டிருந்தார். தேசப்பன்தான் முதல் கட்டுப் போட்டார், மகனோடு அவரே போயிருக்கிறார் என்றார். நான் வருவேன் என்று சொல்லியிருந்தேனே என்றேன்.

“காத்து வந்திச்சி, பூட்டாங்க. ஒனக்காவ கடலு குந்திகினு இருக்குமா?”

நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். மூன்று நாளாகக் கேட்கவில்லை. எனக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று கேட்டேன்.

“சொன்னாரு.”

“என்ன சொன்னவர்?”

“அந்தக் கெயவன் வருவான், நாஸ்தா குடுன்னாரு.”

வாசலில் உட்கார்த்தி, மண் சட்டியில் பழைய சோறும் எறாவும் மாங்காயும் போட்ட குழம்பும் வைத்தார். உப்பு சரியாக இருந்தது. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.